அரை இஞ்ச் மரையில் காற்று ஏன் கசிகிறது?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டு மாடியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். செய்யும் மரச்சாமான்களுக்கு ஸ்ப்ரே அடிக்க ஒரு காற்றுக் கம்ப்ரஸரை அமைத்துக்கொண்டிருக்கிறார். பழைய இரும்புக் கடையில் நல்ல அமெரிக்க ரெகுலேட்டர் (காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஒன்று அவருக்குக் கிடைத்திருக்கிறது. அதன் வாய் அரை இஞ்ச். நம்மூர் அரை இஞ்ச் பித்தளை நிப்பிள் (வெளியே மரை போட்ட குட்டைக் குழாய்) அதில் அழகாக ஏறுகிறது, கையாலேயே நாலு சுற்று போகிறது, ஸ்பேனர் போட்டால் இறுகவும் செய்கிறது. ஆனால் காற்று மட்டும் நிற்கவில்லை. எத்தனை முறை டெஃப்லான் டேப் சுற்றினாலும் சோப்புத் தண்ணீரில் குமிழி வருகிறது. இதற்கான சரியான ஃபிட்டிங் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். ஹார்டுவேர் கடைகளில் "அரை இஞ்ச்னா அரை இஞ்ச்தானே" என்று அனுப்பிவிடுகிறார்களாம்.

சில வருடங்களுக்கு முன் இதே பிரச்சினைக்காக நானும் கோவையில் மூன்று சனிக்கிழமைகள் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. அந்த நிப்பிளின் வெளிமரையில், அதாவது வெளிப்பக்கத் திருகுவரிகளில், வெர்னியர் காலிப்பரை வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய 21 மி.மீ. காட்டும். அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள்துளை அளவை வைத்துச் சூட்டிய பெயர் இது. குழாய்ச் சுவர் பின்னாளில் மெலிந்தது, பெயர் அப்படியே தங்கிவிட்டது. ஆக, கடையில் நாம் கேட்பது ஓர் அளவை அல்ல, ஒரு பெயரை. உலகத்தில் அந்தப் பெயருக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்: பிரிட்டிஷ் குழாய் மரையான பி.எஸ்.பி., அமெரிக்கக் குழாய் மரையான என்.பி.டி. நம் நாட்டுக் குழாய்கள் பிரிட்டிஷ் வழி வந்தவை. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 554 அந்த வழியைத்தான் பின்பற்றுகிறது.

இனி, இந்த வகை மரை எப்படிக் காற்றை அடைக்கிறது என்று பார்ப்போம். எனக்கு அலுக்கவே அலுக்காத இடம் இது.

சாதாரண போல்ட்டின் மரை ஒரே தடிமனாக ஓடும். அது பொருள்களைப் பிடித்து நிறுத்தும், ஆனால் காற்றையோ தண்ணீரையோ அடைக்காது. குழாய் மரை அப்படி அல்ல, அதற்கு ஒரு சரிவு உண்டு. 16 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. என்ற கணக்கில் விட்டம் கூடிக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய கூம்பு அது. அரை இஞ்ச் மரையில் ஓர் இஞ்சுக்கு 14 மரைகள், அதாவது ஒரு சுற்றுக்கு 1.814 மி.மீ. முன்னேற்றம். இதைப் பதினாறால் வகுத்தால் 0.11 மி.மீ. வருகிறது. நீங்கள் ஸ்பேனரை ஒரு முழுச் சுற்று சுற்றும்போதெல்லாம் இணைப்பு ஒரு தாளின் தடிமன் அளவுக்கு நெருக்குகிறது. ஆப்பு அடிப்பதுபோலத்தான். ஒரு மரையின் மேடு மற்றதன் பள்ளத்துக்குள் இறங்கி, இரண்டின் சரிவுப் பக்கங்களும் ஒன்றையொன்று அழுத்துகின்றன. பித்தளை கொஞ்சம் நெளிந்து கொடுக்கிறது, இடைவெளி மூடுகிறது.

முழுதாக மூடிவிடுமா என்றால், இல்லை. மேட்டின் நுனிக்கும் பள்ளத்தின் அடிக்கும் நடுவே நூல் போல ஒரு சந்து மிஞ்சும். மரை சுருளாக ஓடுவதால் அந்தச் சந்தும் சுருளாகவே ஓடும். ஒரு சுற்றின் நீளம் சுமார் 62 மி.மீ. ஐந்து சுற்று ஏறியிருந்தால் 31 செ.மீ. வெளியிலிருந்து பார்த்தால் 9 மி.மீ. ஆழம்தான் உள்ளே போயிருக்கிறது. தப்பிக்கப் பார்க்கும் காற்றோ ஓர் அடி நீளச் சுரங்கத்தைச் சுற்றிச் சுற்றிக் கடக்க வேண்டும். டேப் போய் உட்காருவது இந்தச் சுரங்கத்தில்தான். பலர் நினைப்பதுபோல டெஃப்லான் டேப் பசை அல்ல, அது எதிலும் ஒட்டாத பொருள். 1938இல் ராய் பிளங்கெட் வேறொன்றைத் தேடும்போது தற்செயலாகக் கண்டுபிடித்தது. அது இங்கே இரண்டு வேலை செய்கிறது: சந்தை நிரப்புகிறது, உராய்வைக் குறைக்கிறது. உராய்வு குறைவதால் அதே கைபலத்தில் இன்னும் அரைச் சுற்று இறுக்க முடிகிறது, ஆப்பு இன்னும் ஆழமாக இறங்குகிறது.

சரி, வாசகரின் ரெகுலேட்டருக்கு வருவோம். பிரிட்டிஷ் மரையின் பள்ளம் 55 டிகிரி கோணம், அமெரிக்க மரை 60. மற்ற அளவுகளில் மரை எண்ணிக்கையே மாறிவிடும். கால் இஞ்ச் மரையில் ஓர் இஞ்சுக்கு அமெரிக்காவுக்கு 18, பிரிட்டனுக்கு 19. சில சுற்றிலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும், நமக்கும் புரிந்துவிடும். ஆனால் அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டுக்குமே 14. அரை இஞ்சில் மரையின் நடுவிட்டம்கூட (மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் அளக்கும் விட்டம்) 19.79 மி.மீ., 19.77 மி.மீ. என்று கிட்டத்தட்ட ஒன்றேதான். அதனால்தான் அவ்வளவு சுலபமாக ஏறுகிறது.

ஏறினாலும் உள்ளே பொருந்துவதில்லை. பிரிட்டிஷ் மேட்டின் உயரம் 1.16 மி.மீ., நுனி உருண்டை. அமெரிக்கப் பள்ளத்தின் ஆழம் சுமார் 1.45 மி.மீ. நுனி அடியைத் தொடவே தொடாது. கோணத்திலும் பக்கத்துக்கு இரண்டரை டிகிரி வித்தியாசம் இருப்பதால், இரண்டு சரிவுகளும் பரப்பாக அழுந்துவதற்குப் பதில் மேட்டின் தோள்பட்டை மட்டும் ஒரு கோடாக உரசி நிற்கும். நுனிக்கு மேலே ஒரு சந்து, அடிவாரத்தில் இருபுறமும் சந்து. டேப் நிரப்ப வேண்டிய சுரங்கம் பல மடங்கு பெருத்துவிடுகிறது. என் முதல் முயற்சியில் மாட்டிக் கழற்றிய நிப்பிள் இன்னும் மேஜை மேல் இருக்கிறது. பழுப்பேறிய பித்தளையில், ஒவ்வொரு மேட்டின் தோளிலும் தலைமுடி அளவுக்குப் பளபளவென்று ஒரு கோடு. பிடித்திருந்த இடம் அவ்வளவுதான்.

இதில் கசிவைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருக்கிறது. கம்ப்ரஸர் தொட்டியில் 8 பார் அழுத்தம் இருந்தால், அந்தச் சின்ன வாயில் சுமார் 22 கிலோ எடை எப்போதும் நிப்பிளை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அதைத் தாங்குவது தலைமுடி அகலக் கோடு. தயவுசெய்து அந்த இணைப்பில் காற்று ஏற்றாதீர்கள்.

இந்த இரட்டைக் குடும்பம் எப்படி வந்தது? 1841இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்துப் பட்டறைகளில் ஓடிக்கொண்டிருந்த போல்ட்டுகளைச் சேகரித்து, சராசரி பார்த்து 55 டிகிரியை முன்வைத்தார். பிலடெல்பியாவின் வில்லியம் செல்லர்ஸ் 1864இல், மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தைச் செய்வதும் சோதிப்பதும் எளிது என்று 60ஐ முன்வைத்தார். குழாய்க்கென்று அதே ஊரின் ராபர்ட் பிரிக்ஸ் வகுத்த மரை 1886இல் அமெரிக்கத் தரமானது. மரை பொருந்தாமல் போவதன் விலையையும் அமெரிக்கா பிற்பாடு பார்த்தது. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தபோது மற்ற ஊர்த் தீயணைப்பு வண்டிகள் ஓடி வந்தன. அவர்களில் பலருடைய ஹோஸ் இணைப்புகள் பால்டிமோரின் தண்ணீர்க் குழாய் வாயில் ஏறவில்லை. 1,500க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ராக்கெட் ஏவும்போது நாம் தட்டும் கைகளில் பாதியாவது அளவியலுக்கும் தட்ட வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான். ஒரு மரை கேஜின் (மரையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பல்வெட்டுத் தகடுகளின் கட்டு) விலை சில நூறு ரூபாய். எரிமலையின் மாதிரியைச் செய்யச் சொல்லும் பள்ளி அறிவியல் கண்காட்சியில், பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்து நாலு நிப்பிள்களை அளக்கச் சொன்னால் எவ்வளவு கற்றுக்கொள்வார்கள்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அவர் கைராசிக்காரர், அவர் மாட்டினால் ஒழுகாது" என்று பிளம்பர்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அப்படிப் பெயர் வாங்கிய ஒரு பெரியவர் வேலை செய்வதை ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய டேப் துணுக்கை ஊசியால் மரையிலிருந்து முழுதாக எடுத்தார். மரையின் முனை தன்னைப் பார்த்திருக்கும்படி பிடித்து, கடிகார முள் திசையில் டேப்பை இழுத்துச் சுற்றினார். அப்படிச் சுற்றினால்தான் இறுக்கும்போது டேப் பிரியாது. முதல் மரையை மட்டும் வெறுமையாக விட்டார், துணுக்கு உள்ளே போகக் கூடாது என்று. ஒழுகாததற்குக் காரணம் இத்தனையும்தான். ராசி என்று சொல்லி அந்த உழைப்பையும் அறிவையும் மறைப்பது அவருக்கு நாம் செய்யும் அநியாயம்.

இனி, கையில் இருப்பது எது என்று கண்டுபிடிக்கும் வழி. வெளிமரை என்றால் 55, 60 டிகிரி மரை கேஜ்களின் 14ஆம் தகட்டை ஒவ்வொன்றாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சரியான தகட்டில் வெளிச்சம் ஒளிந்துகொள்ளும். தவறானதில் ஒவ்வொரு பள்ளத்திலும் மெல்லிய வெள்ளைக் கீற்று தெரியும். நகத்தை ஓட்டினாலும் வித்தியாசம் தெரியும்: பிரிட்டிஷ் மேடு உருண்டை, அமெரிக்க மேடு தட்டை. உங்கள் ரெகுலேட்டரைப் போல உள்மரை என்றால், குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் கொஞ்சம் எடுத்து, எண்ணெய் தடவிய மரையின் ஒரு பக்கத்தில் அழுத்தி எடுங்கள். அந்த அச்சின் மேல் தகட்டை வையுங்கள்.

60 என்று உறுதியானால், குழாய்க் கடைக்கே போகாதீர்கள். தவறான தெருவில் தேடுவதால்தான் இது அரிய பொருளாகத் தெரிகிறது. இன்ஸ்ட்ருமென்டேஷன் ஃபிட்டிங் (ஆலைகளின் அளவீட்டுக் கருவிகளுக்கான இணைப்புகள்) விற்கும் கடைகளில் என்.பி.டி. அன்றாடச் சரக்கு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் பெருமளவு அமெரிக்கத் தரத்தில் கட்டப்பட்டவை, அவற்றின் பிரஷர் கேஜுக்கும் வால்வுக்கும் இந்த மரைதான். சென்னை என்றால் பாரிமுனைப் பக்கம், கோவை என்றால் ஆலைகளுக்குச் சப்ளை செய்யும் கடைகள். அங்கே போய் வெறுமனே "அரை இஞ்ச்" என்று சொல்லாமல், "அரை இஞ்ச் என்.பி.டி. வெளிமரை, அரை இஞ்ச் பி.எஸ்.பி. உள்மரை, பித்தளை அடாப்டர்" என்று முழுப் பெயரையும் சொல்லுங்கள். எனக்கு மூன்றாவது சனிக்கிழமை அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். லேத் பட்டறையில் கடைந்து தரச் சொல்வது கடைசி வழி. சரிவு மரையைச் சரியாக வெட்ட, அதற்குரிய மரை வெட்டும் கருவிகளான டேப்பும் (டெஃப்லான் டேப் அல்ல) டையும் அவர்களிடம் இருக்க வேண்டும்.

மாட்டும்முன் ரெகுலேட்டரின் உள்மரையை ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய நிப்பிளை வலுவாக இறுக்கியிருந்தால் மரை நசுங்கியிருக்கலாம், அப்படியானால் ரெகுலேட்டரையே மாற்ற வேண்டியதுதான். நன்றாக இருந்தால் கையால் நாலு சுற்று, அப்புறம் ஸ்பேனரில் ஒன்றரையிலிருந்து இரண்டு சுற்று. அதற்கு மேல் போனால் வாய் பிளக்கும். குறைந்த அழுத்தத்தில் காற்றை ஏற்றி, பிரஷில் சோப்பு நுரை தொட்டு இணைப்பைச் சுற்றித் தடவி, ஐந்து நிமிடம் பொறுங்கள். நுரை தானாக வற்ற வேண்டும். ஒரே ஒரு குமிழி மெல்லப் பெருத்தாலும் காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.