பவுல்: ரோஸ் பவுலை "ரோஜா கோப்பை"ன்னு எழுதலாமா?

அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் (பந்தக் கையில ஏந்தி ஓடற ஆட்டம், நம்ம கால்பந்து இல்ல) பத்தி தமிழ்ல எழுதறவங்க அதுல ரோஸ் பவுல்ங்கற மேட்ச்சோட பேரு வந்தா ரோஜா கோப்பைன்னும் ஆரஞ்சு பவுல்னு வந்தா ஆரஞ்சு கோப்பைன்னும் போட்டுடறாங்க, படிக்கறவங்களும் ரஞ்சிக் கோப்பை மாதிரி ஜெயிச்ச டீம் தூக்கிக் காட்டற பாத்திரம்னு எடுத்துக்கறாங்க. இது தப்பு. அந்தப் பேர்ல இருக்கற பவுல் ஒரு ஸ்டேடியத்தோட வடிவம். பரிசுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.

முதல்ல வேர். பழைய ஆங்கிலத்துல போல்லான்னு ஒரு சொல், உருண்டையா உப்பின பாத்திரத்துக்கு சொல்றது, அதுலேர்ந்து வந்தது இந்த பவுல். நம்ம கிரிக்கெட்ல பவுலிங் போடறாங்களே அது வேற வம்சம், லத்தீன்ல நீர்க்குமிழியக் குறிக்கற புல்லா பிரெஞ்சு வழியா வந்து உருட்டற பந்தாகி, அப்பறம் பந்து வீசறதாச்சு. எழுத்தும் உச்சரிப்பும் இப்ப ஒண்ணா இருக்கறதால ரெண்டும் ஒரே சொல்லுன்னு நினைச்சுக்கறோம்.

பாத்திரம் எப்படி ஸ்டேடியம் ஆச்சுன்னா, 1914ல நியூ ஹேவன்ல யேல் பல்கலைக்கழகம் ஒரு பெரிய மைதானம் கட்டிச்சு, குளம் வெட்டி கரை போடற மாதிரி நடுவுல தோண்டின மண்ணையே சுத்தி மேடா போட்டு அந்த சரிவுல சீட்டு வரிசைய அமைச்சாங்க, ஆடற தரை வெளியில இருக்கற நிலத்த விட நல்லா கீழ இருக்கும். மேலேர்ந்து பாத்தா அப்படியே கிண்ணம், அதனால யேல் பவுல். திறந்து வச்ச அன்னிக்கே ஹார்வர்டு வந்து 36-0ன்னு அடிச்சுட்டுப் போனது தனிக்கதை. கலிஃபோர்னியால பாசடேனாக்காரங்க புது ஸ்டேடியம் கட்டினப்ப அதுக்கு முன்மாதிரி இந்த யேல் பவுல் தான், ஊர்ல வருஷாவருஷம் ரோஜாப்பூ ஊர்வலம் நடக்கறதால ரோஸ் பவுல்னு பேரு வச்சாங்க. 1922ல கட்டினப்ப ஒரு பக்கம் திறந்து லாட வடிவத்துல தான் இருந்துச்சு, 1928ல தான் மூடி முழுக் கிண்ணம் ஆக்கினாங்க. அந்த ஊர்ல புத்தாண்டு அன்னிக்கு நடக்கற காலேஜ் ஃபுட்பால் மேட்ச் 1923 ஜனவரி 1லேர்ந்து அங்க நடக்க ஆரம்பிச்சதும் இடத்தோட பேரு மேட்ச்சு மேல ஒட்டிக்கிச்சு.

ஆனா அந்த மேட்ச் பவுலுக்கு முன்னாடியே பொறந்தது, இங்க தான் மிச்சிகன் பல்கலைக்கழக டீம் வருது. 1901 சீசன்ல ஃபீல்டிங் யோஸ்ட் கோச்சா வந்தாரு, அந்த வருஷம் அவங்க 11 மேட்ச் ஆடி 11ம் ஜெயிச்சாங்க, எடுத்தது 550 பாயிண்ட், குடுத்தது சைபர்! ஒரு பாயிண்ட் கூட எவனாலயும் எடுக்க முடியல. அந்த சீசனோட கடைசி மேட்ச் தான் 1902 ஜனவரி 1, பாசடேனா, ஸ்டான்ஃபோர்டுக்கு எதிரா 49-0, இன்னும் 8 நிமிஷம் பாக்கி இருக்கறப்பவே ஸ்டான்ஃபோர்டு போதும்னு நிறுத்திக்கிச்சு. யோஸ்ட் அதுக்கு முந்தின சீசன்ல ஸ்டான்ஃபோர்டுக்கே கோச்சா இருந்தவரு. மேட்ச் இப்படி ஒருதலையா போனதால நடத்தினவங்க ஃபுட்பாலையே விட்டுட்டு ரத ஓட்டப் பந்தயமெல்லாம் வச்சாங்க, 1916ல தான் மறுபடி ஃபுட்பால். இன்னிக்கு எல்லாரும் அத முதல் ரோஸ் பவுல்னு சொல்றாங்க, அன்னிக்கு அந்தப் பேரும் கிடையாது அந்த ஸ்டேடியமும் கிடையாது.

அப்பறம் மத்த ஊருங்க. மியாமில ஆரஞ்சு, நியூ ஆர்லியன்ஸ்ல சுகர், ரெண்டும் 1935ல ஆரம்பிச்சது, டல்லஸ்ல காட்டன் 1937ல. இவங்க பாசடேனா மேட்ச்சோட புகழப் பாத்து பேர எடுத்துக்கிட்டாங்க, ஸ்டேடியம் எந்த வடிவத்துல இருந்தா என்னன்னு விட்டுட்டாங்க. 1942ல பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு அப்பறம் மேற்குக் கடற்கரையில கூட்டம் கூடக்கூடாதுன்னு ரோஸ் பவுல நாட்டோட மறுகோடி டர்ஹம்ல நடத்தினாங்க, ஒரேகன் ஸ்டேட் டீம் 20-16ன்னு டியூக் பல்கலைக்கழக டீம ஜெயிச்சுது, அப்பவும் அது ரோஸ் பவுல் தான். கிண்ணத்துக்குள்ள ஆடாமயே கிண்ணம்னு பேரு! சொல்லு அதோட முதல் பொருள விட்டு வந்துடுச்சுன்னு இதுக்கு மேல சாட்சி வேணாம்.

அப்ப இப்ப என்ன பொருள்? வழக்கமான சீசன் முடிஞ்சதும் ஒரு ஊர்க்காரங்க ரெண்டு டீம கூப்ட்டு நடத்தற மேட்ச். இந்த கூப்பிடறது தான் உயிர். 12 மேட்ச்ல 6 ஜெயிச்சா தகுதி, தகுதி இருந்தாலும் அழைப்பு வரணும். அழைப்பு வராட்டி எப்படி வலிக்கும்னு 1973 மிச்சிகன் டீம தான் கேக்கணும். கோச் போ ஷெம்பெக்லர். சீசன் முழுக்க தோக்கல, கடைசி மேட்ச்ல அதே மாதிரி தோக்காத ஒஹையோ ஸ்டேட்டோட 10-10 டிரா. ரெண்டும் பிக் டென்ங்கற பல்கலைக்கழகக் கூட்டமைப்புல இருக்கற டீம், அந்தக் காலத்துல அதுலேர்ந்து ஒரே டீம் தான் போகலாம், அதுவும் ரோஸ் பவுலுக்கு மட்டும் தான், வேற எந்த பவுல் கூப்ட்டாலும் போகக்கூடாது. யாரு போறதுன்னு அந்தப் பல்கலைக்கழகங்களோட விளையாட்டுத் துறைத் தலைவருங்க ஓட்டு போட்டு ஒஹையோ ஸ்டேட்ட அனுப்பினாங்க. மிச்சிகன் 10 வெற்றி, 1 டிரா, தோல்வியே இல்ல, ஜனவரி 1 வீட்ல. ஷெம்பெக்லர் அத கடைசி வரைக்கும் மன்னிக்கல. 1975 சீசன்லேர்ந்து தான் அந்த விதி தளர்ந்துச்சு, அந்த வருஷமே மிச்சிகன் ஆரஞ்சு பவுலுக்குப் போச்சு. 50 வருஷம் கழிச்சு படிக்கற எனக்கே அந்த 1973 பசங்கள நினைச்சா மனசு ஆறல.

2023 சீசன்ல அதே மிச்சிகன் 15 மேட்ச் ஆடி 15ம் ஜெயிச்சுது. ரோஸ் பவுல்ல அலபாமாவ ஓவர்டைம்ல 27-20, அப்பறம் ஹூஸ்டன்ல வாஷிங்டன 34-13ன்னு ஜெயிச்சு சாம்பியன். கவனிங்க, அங்க ரோஸ் பவுல் அரையிறுதியா இருந்துச்சு. 2024 சீசன்லேர்ந்து சாம்பியன முடிவு பண்ற பிளேஆஃப் சுத்துல 12 டீம், சில பவுல் காலிறுதி சில பவுல் அரையிறுதி, அழைப்புங்கற அர்த்தம் அங்க கொஞ்சம் கொஞ்சமா தேயுது.

சரி, தமிழ்ல என்ன போடறது. கோப்பை வேணாம், அதுவே போர்ச்சுகீசியர் வழியா வந்த சொல், அத விட முக்கியம் பரிசுன்னு அர்த்தம் வந்துடும். கிண்ணம் நேர் மொழிபெயர்ப்பு தான், ஆனா இலங்கைத் தமிழ்ல உலகக் கிண்ணம்னு தான் எழுதறாங்க, அங்க கிண்ணம்னாலும் பரிசு தான். ஸ்டேடியத்தப் பத்தி பேசும்போது கிண்ண அரங்கம்னு எழுதலாம், வடிவம் புரியும். மேட்ச்சுக்கு நான் எழுதறது அழைப்பாட்டம், முதல் தடவை மட்டும் பருவ நிறைவு அழைப்பாட்டம்னு விரிச்சு எழுதிட்டா போதும். "1973ல மிச்சிகன் தோக்காம இருந்தும் அழைப்பாட்டம் கிடைக்கல"ன்னு எழுதினா விஷயம் முழுசா வந்துடுது. இறுதிப்போட்டின்னு மட்டும் போட்டுடாதீங்க, ஒரே சீசன்ல 30, 40 பவுல் நடக்குது. ரோஸ் பவுல், சுகர் பவுல்னு தனிப்பேரா வந்தா அப்படியே விட்டுடலாம், பேர மொழிபெயர்க்க வேண்டியதில்ல.

ஒரு விலக்கு இருக்கு, அயர்ன் பவுல். அலபாமாவும் ஆபர்னும் ஆடறது, அலபாமா மாநிலத்துல இரும்புத் தொழில் ஊரான பர்மிங்காம்ல ரொம்ப வருஷம் நடந்ததால அந்தப் பேரு. இது வழக்கமான சீசன் மேட்ச், யாரும் யாரையும் கூப்பிடறதில்ல. மிசிசிப்பியோட எக் பவுலும் இப்படித்தான். இதுக்கெல்லாம் அழைப்பாட்டம் பொருந்தாது, பரம்பரைப் போட்டின்னு எழுதுங்க.