இரண்டாவதாக இறங்குபவர்

இலங்கையின் கிழக்கே சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி மில்லுக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். நெல் ஊறப்போட்ட தண்ணீர் வடிந்து சேரும் மூடிய குழி ஒன்று அங்கே இருக்கிறது. பத்தடி ஆழம், வாய் இரண்டடிச் சதுரம். அதைச் சுற்றி ஏழு பேரை நிற்கவைத்துக் கேட்டேன்: "அடியில தவிடு அடைச்சு மோட்டர் நிண்டுட்டு. எடுக்க இறங்கின ஆள் சத்தமில்லாம விழுந்துட்டார். என்ன செய்வீங்க?"

"என்ன செய்யிற சேர், குதிச்சித் தூக்கத்தான் வேணும்" என்றார் ஒருவர். மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். ஏழு பேரும் நல்ல மனுசர். எனக்குப் பயம் அதனால்தான்.

அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் 1986இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தொட்டி, குழி, கிணறு போன்ற அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 வீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அதில் இருந்தது. முதலாவது ஆளுக்கு ஆபத்து தெரியாது. இரண்டாவது ஆள் கண்ணால் கண்ட பிறகும் இறங்குகிறார்.

எங்கள் பக்கம் இது பெரும்பாலும் ஆவணி, புரட்டாதியில் நடக்கும். மழைக்கு முன் கிணறு கலக்கி இறைக்கிற காலம். கரையோர மணலில் தண்ணீர் மேலேயே நிற்பதால் பம்பை நிலத்தில் வைத்தே இறைக்கலாம். உள்ளே படுவான்கரைப் பக்கம் போனால் கோடையில் தண்ணீர் இறங்கிவிடும். நிலத்தில் வைத்த பம்ப் ஏழு மீற்றருக்குக் கீழேயிருந்து தண்ணீரை உறிஞ்சத் திணறும். அது இயற்கையின் கணக்கு, எந்தக் கம்பனி பம்பானாலும் அப்படித்தான். ஆகவே பம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். மண்ணெண்ணெயோ பெற்றோலோ, எரிந்த புகை போக வழியில்லை. அதிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. பம்பை நிறுத்திய பிறகும் அது கிணற்றுக்குள்ளேயே நிற்கும்.

நான் போய்ப் பார்த்த ஒரு கிணற்றில், பம்ப் நின்றதும் சேற்றை அள்ளத் தம்பி இறங்கினார். வளையத்தில் சாய்ந்தவர் எழும்பவில்லை. தம்பிக்குக் களைப்பு என்று நினைத்து அண்ணன் இறங்கினார். மூன்றாவதாக மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கால் வைத்தபோது, பக்கத்து வளவு அம்மா ஒருவர் அவரது இடுப்பைக் கட்டிப்பிடித்துக் கத்தியிருக்கிறார். அந்த மச்சான்தான் எனக்கு இதைச் சொன்னார். மற்ற இருவரும் இப்போது இல்லை.

மில்லுக்கு வருவோம். வாயு அளக்கும் மீற்றரைக் கயிற்றில் கட்டிக் குழிக்குள் மெல்ல இறக்கினேன். வாயருகே ஒட்சிசன் 20.9 வீதம், நாம் சுவாசிக்கும் அதே காற்று. ஒவ்வொரு மீற்றர் ஆழத்துக்கும் நிறுத்தி இரண்டு நிமிடம் காத்திருக்கவேண்டும். அளக்கும் கருவிக்கும் மூச்சுவாங்க நேரம் தேவை. அடியில் 18.1. வேலை செய்ய 19.5க்குக் குறையக் கூடாது. ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சு வாயு 12 பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் 12 பங்கு. அது 10ஐத் தாண்டியதுமே எலாரம் கத்தத் தொடங்கிவிட்டது. பிறகு ஒரு நீளக் கம்பால் அடிச்சேற்றைக் கிண்டச் சொன்னேன். அரை நிமிடத்துக்குள் 12, 40 ஆகி, 100ஐத் தாண்டி, மீற்றர் எண் காட்டுவதையே விட்டுவிட்டது.

"மணம் முதல்ல வந்துச்சி சேர், இப்ப இல்லியே" என்றார் மேலே குனிந்து நின்ற இளைஞர். அவரைத் தோளில் பிடித்துப் பின்னால் இழுத்தேன். கூழ்முட்டை மணம் வீசும் இந்த வாயு 100 பிபிஎம் அளவில் மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். மணம் நின்றுபோனால் வாயு கலைந்துவிட்டது என்று நாம் நினைப்போம். கூடிவிட்டது என்றும் இருக்கலாம். சேறு கலங்காத வரை அதற்குள் அடங்கிக் கிடப்பது, இறங்குபவரின் காலடி பட்டதும் கிளம்புகிறது. அதனால் இறங்குமுன் ஒருதரம் அளந்தால் போதாது, உள்ளே நிற்கும் நேரமெல்லாம் மீற்றர் அவரது சட்டையில் இருக்கவேண்டும். மலசலகூடக் குழியும், ஆழ்கடல் படகில் மீன் அழுகிய அடித்தட்டும் இதே கதைதான்.

மெழுகுதிரி கொளுத்தி இறக்கிப் பார்ப்பவர்களை இன்னும் காண்கிறேன். ஒட்சிசன் மிகக் குறைந்தால் சுடர் அணையும், உண்மைதான். ஆனால் ஆளைக் கொல்லும் அளவு காபனோரொட்சைட்டிலும் அது எரிந்துகொண்டே இருக்கும். மலசலகூடக் குழியில் மெதேன் ஐந்து வீதம் சேர்ந்திருந்தால் அந்தச் சுடரே வெடிக்க வைக்கும். கொரோனாக் காலத்து முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு இறங்குவதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. இல்லாத ஒட்சிசனை எந்தத் துணி கொடுக்கும்?

மீட்பு என்பது ஆள் இறங்குமுன் முடிவுசெய்யும் விடயம். முதல் வழி, எலாரம் அடித்ததும் அவரே ஏறி வருவது. இரண்டாவது, அவர் முன்கூட்டியே கட்டிக்கொண்ட கயிற்றால் வெளியே நின்றபடி இழுத்தெடுப்பது. மூன்றாவதுதான் இன்னொருவர் இறங்குவது. அது முதுகில் காற்றுச் சிலிண்டர் சுமந்து பயிற்சி பெற்ற தீயணைப்புப் படையினருக்குரியது. எங்கள் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே இடுப்புப் பட்டியும் கயிறும், கயிற்றின் மறுமுனையை வெளியே பிடித்து நிற்கும் ஒருவரும் வருகிறார்கள். அந்த ஒருவரால் இழுத்தெடுக்க முடியுமா என்ற கேள்வியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறோம்.

அதைக் காட்ட ஒரு மூடை நெல்லுக்கு ஹார்னஸ் என்ற உடற்பட்டியை மாட்டிக் குழிக்குள் இறக்கினோம். நான்கு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். பாதி வரை வந்தது. பிறகு கயிறு கொங்கிறீட் விளிம்பில் தேய்ந்து தும்பு கிளம்பியது. மூடை வாயின் கீழ்விளிம்பில் முட்டி நின்றது. எவ்வளவு இழுத்தாலும் அசையவில்லை. ஆறு நிமிடம் போய்விட்டது. ஒட்சிசன் கிடைக்காத மூளை நான்கைந்து நிமிடத்திலேயே சேதமாகத் தொடங்கும். அடுத்து ஆளைத் தூக்கும் மூன்றுகால் சட்டமான முக்காலியை வாய்க்கு மேல் விரித்து, அதிலுள்ள வின்ச்சின் (கையால் சுற்றும் உருளை) கம்பியை ஹார்னஸின் முதுகு வளையத்தில் கொழுவினோம். மில்லில் ஆகச் சின்னப் பொடியன் தனியாகச் சுற்றி மூடையை வெளியே எடுத்தான். முதலாளி அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீ.ஐ. குழாய் மூன்றைக் கட்டி நாங்களே செய்துகொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கராஜ் செயின் புளொக்கும் வேண்டாம். அது இஞ்சின் தூக்கச் செய்தது, ஆளைத் தூக்க அல்ல. நாலைந்து மில்கள் காசு சேர்த்து முக்காலி ஒன்று வாங்கினால் போதும்.

வீட்டுக் கிணற்றுக்கு யார் முக்காலி வாங்குவார் என்று கேட்பீர்கள். அங்கே என் பேச்சு குறுகியது. எரிபொருளில் ஓடும் பம்பைக் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். மின் கசிந்தால் தானே நிறுத்தும் ட்ரிப் சுவிச் உள்ள இணைப்பில் நீர்மூழ்கி மின்பம்ப் போடுங்கள், ஆள் இறங்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள். இருந்தும் யாராவது விழுந்துவிட்டால் 110க்கும் (தீயணைப்பு) 1990க்கும் (அம்புலன்ஸ்) அழைத்து, "கிணற்றுக்குள் மயங்கிக் கிடக்கிறார்" என்ற வசனத்தையே சொல்லுங்கள். வெறுமனே "விழுந்துட்டார்" என்றால் மூச்சுக் கருவி இல்லாமல் வரக்கூடும். அவர்கள் வரும்வரை காற்று ஊதும் புளோவர் இருந்தால் அதன் குழாயை அடிவரை விட்டு வெளிக்காற்றை ஊதுங்கள். விசிறியை வாயில் வைத்துப் பயனில்லை. வெல்டிங் சிலிண்டர் ஒட்சிசனைத் திறந்துவிடக் கூடாது, ஒரு தீப்பொறி பட்டால் ஆளே எரிவார்.

வெளியே எடுத்த பிறகும் ஓர் ஏமாற்று உண்டு. விரலில் மாட்டும் ஒட்சிசன் மீற்றர், காபனோரொட்சைட்டு ஏறிய இரத்தத்தையும் நல்ல இரத்தம் போலவே 98, 99 என்று காட்டிவிடும். ஆகவே அம்புலன்சில் வருபவரிடம் "உள்ளே பம்ப் ஓடியது" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

பயிற்சி முடிந்து தேநீர் குடிக்கும்போது முதலில் பதில் சொன்னவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "சேர், நீங்க சொல்றதெல்லாம் சரி. உள்ள கிடக்கிறது என்ட தம்பியா இருந்தா நான் மேல நிண்டு பாத்துக்கிட்டு இருப்பனா?"

"இருக்க மாட்டீங்க காக்கா" என்றேன்; அண்ணனை இங்கே அப்படித்தான் அழைப்பது. "அதால உங்கள நான் மேல நிறுத்த மாட்டேன்."

அவரது தம்பியும் அதே மில்லில்தான் வேலை. குழிக்குள் இறங்கும் பட்டியலில் தம்பியின் பெயருக்கு எதிரே, மேலே காவல் நிற்பவர் என்ற இடத்தில் காக்காவின் பெயரை எழுதியிருந்தார்கள். அதை வெட்டி, உறவில்லாத லொறிச் சாரதி ஒருவரின் பெயரைப் போட்டோம். காக்காவுக்கு வேறு வேலை: எலாரம் அடித்தால் போனை எடுத்துக்கொண்டு பெரிய வீதிச் சந்திக்கு ஓடி, அம்புலன்சுக்கு வழிகாட்ட நிற்பது. குழியிலிருந்து சந்தி முந்நூறு மீற்றர். தூரத்தைக் காலால் அளந்து பார்த்த பிறகுதான் சம்மதித்தார்.