"என்ன பாவம் செய்தனான்?" எண்டு கேக்கிற ஆளுக்கு விளக்கம் சொல்லாதீங்கோ

கொழும்பு வெள்ளவத்தையில உளவளத்துணை (கவுன்சலிங்) செய்யத் தொடங்கிப் பதினொரு வருஷம். இவ்வளவு காலத்தில நான் ஆகக் கூடக் கேட்ட கேள்வி கடவுளைப் பற்றினதுதான்.

கொஞ்ச நாளுக்கு முன்னால ஒரு அம்மா வந்தவ (ஆள் தெரியாம இருக்க விபரங்களை மாத்தித்தான் எழுதுறன்). ஆறு வயசு மகன், டெங்கு, நாலே நாள். அரை மணித்தியாலம் ஒண்டும் கதைக்கேல்ல, மடியில பிள்ளையின்ட ஸ்கூல் தண்ணிப் போத்தல், மூடியத் திறக்கிறா மூடுறா திறக்கிறா மூடுறா, அடியில கொஞ்சம் தண்ணி கிடந்தது, அத ஊத்த மனம் வரேல்லயாம். பிறகு கேட்டா, "மிஸ், போன பிறப்பில நான் என்ன பாவம் செய்தனான்?"

செத்த வீட்டில ஒரு சொந்தக்காரர் சொல்லிட்டுப் போயிருக்கிறார், எல்லாம் வினைப்பயன், அழுது வேலையில்ல எண்டு. அவர் ஆறுதலாத்தான் சொல்லியிருப்பார். ஆனா அண்டையில இருந்து இவ சாப்பாட்டக் குறைச்சிட்டா, தண்டனைய அனுபவிச்சு முடிக்கவேணுமாம். நுளம்பு பரப்பின வைரஸ் ஒண்டுக்கு ஒரு தாய் குற்றவாளிக் கூண்டில நிக்கிறா.

நல்லவரும் சர்வ வல்லமையும் உள்ள கடவுள் இருக்கேக்க தீமை ஏன் எண்ட கேள்வி ஆயிரக்கணக்கான வருஷப் பழசு. டேவிட் ஹியூம் எண்ட தத்துவஞானி, அவர் செத்த பிறகு 1779ல வந்த புத்தகத்தில, பழைய கிரேக்க ஞானி எபிகியூரசின்ட கேள்வியெண்டு சொல்லி அதத் திரும்பக் கேட்டார்: தடுக்க விருப்பமிருந்தும் ஏலாதா, ஏலுமாயிருந்தும் விருப்பமில்லையா? எங்கட வள்ளுவரும் பிச்சையெடுத்துத்தான் வாழவேணுமெண்டா உலகத்தப் படைச்சவன் கெட்டழியட்டும் எண்டு 1062ம் குறள்ல கோவப்பட்டவர்தான். அதால இப்பிடிக் கேக்கிறதால பக்தி போயிடாது, அத முதல்ல சொல்லவேணும்.

மனுசருக்குச் சுதந்திரம் தந்தா தீமைக்கும் இடமிருக்கும் எண்டு இந்தக் கேள்விக்குப் பேர்போன பதில் ஒண்டு சொன்னவர் ஆல்வின் பிளாண்டிங்கா எண்ட அமெரிக்கத் தத்துவஞானி. நான் அவரில மதிக்கிறது வேற விஷயம். நொந்துபோய் நிக்கிற ஆளுக்கு இந்த விளக்கம் உதவாது, அவருக்குத் தேவை பக்கத்தில இருந்து பாக்கிற பராமரிப்பு எண்டு அவரே எழுதியிருக்கிறார்.

கஷ்டமெல்லாம் செய்த பாவத்தின்ட பலன் எண்டுதான் சமயம் சொல்லுது எண்டு சொல்லுறாக்களுக்கு ரெண்டு இடம் காட்டுறன். பைபிள்ல யோபு பிள்ளைகள் பத்துப் பேரையும் இழந்து உடம்பெல்லாம் புண்ணோட இருக்கேக்க சிநேகிதர் மூண்டு பேர் வந்து, ஏழு நாள் ஒரு வார்த்தை கதைக்காம அவரோட தரையில இருந்தவங்கள், அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தது, பிறகு வாயத் திறந்து நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் எண்டு தொடங்கிட்டாங்கள். கடைசியில கடவுளுக்குக் கோவம் வந்தது கேள்வி கேட்ட யோபுவில இல்ல, அந்தச் சிநேகிதரிலதான்.

மற்றது சீவக சுத்தம் எண்ட புத்தரின்ட உபதேசம். நாங்க அனுபவிக்கிறதெல்லாம் முன்செய்த வினையாலதானா எண்டு சீவகன் கேக்க, புத்தர் எட்டுக் காரணம் சொல்லுறார், பித்தம், சளி, வாயு, மூண்டும் சேர்ந்தது, காலநிலை மாறுறது, கவனக்குறைவு, வெளியில இருந்து வாற தாக்குதல், கடைசியாத்தான் கர்மம். எல்லாத்தையும் பழைய வினையில போடுறது பிழையெண்டு நேரவே சொல்லுறார். நான் சைவப் பிள்ளை, கர்மத்த நம்புறன். ஆனா நாளைக்கு நான் எப்பிடி நடக்கவேணும் எண்டு யோசிக்கத்தான் அது எனக்கு, இன்னொருத்தியின்ட சவப்பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு தீர்ப்புச் சொல்லுற உரிமைய எனக்கு ஆர் தந்தது?

அந்த அம்மாட்ட நான் விளக்கம் ஒண்டும் சொல்லேல்ல, மகன்ட பேரக் கேட்டன், அவனுக்கு என்ன பிடிக்கும் எண்டு கேட்டன். உங்கட வீட்டில ஆராவது இப்பிடிச் சாப்பாட்ட விட்டா, சாகவேணும் எண்டு கதைச்சா, பரிகாரம் முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்காதீங்கோ, இலங்கையில தேசிய மனநல நிறுவகத்தின்ட 1926 எண்ட உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

செத்த வீட்டுக்கு வந்த ஆக்கள்ல ஆர் உங்களுக்கு ஞாபகம் எண்டு பிறகொருநாள் கேட்டன். கீழ்வீட்டு முஸ்லிம் அக்காவாம். ஒரு மாசம் முழுக்க விடிய ஆறு மணிக்கு மேல ஏறி வந்து, ஒண்டும் கதைக்காம, மூத்த பிள்ளைக்குத் தலை பின்னி ஸ்கூல் வேனில ஏத்திவிட்டவ.