கறுத்துப்போன கொலுசும் கூவத்துச் சேறும்

சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையோரம் குடியிருக்கும் ஒரு வாசகி எழுதிக் கேட்டிருந்தார்: "எங்கள் அம்மா வீடு மன்னார்குடி பக்கம். அங்கே வெள்ளிச் சாமான்களைப் பொங்கலுக்கும் சரஸ்வதி பூஜைக்கும் தேய்த்தால் போதும். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு மாதாமாதம் தேய்க்கிறேன். அப்படியும் கொலுசு கறுத்துப்போகிறது. மாமியார் கண் திருஷ்டி என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா உடம்புச் சூடு என்கிறார். பூஜை அலமாரியில் இருக்கும் குங்குமச் சிமிழும் சேர்ந்து கறுக்கிறதே, அதற்கு ஏது உடம்பு?"

கடைசி வரியில் பாதி விடையை அவரே சொல்லிவிட்டார். வியர்வையில் உள்ள கந்தகம் கொலுசைக் கொஞ்சம் மங்க வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அலமாரிக்குள் இருக்கும் சிமிழும் கறுக்கிறது என்றால் காரணம் காற்றில்தான் இருக்க வேண்டும். காற்றில் இருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது கூமுட்டை நாற்றத்துக்குக் காரணமான வாயு. அது வெள்ளியின் மேல் பட்டால் வெள்ளி சல்ஃபைடு என்ற கறுப்புப் படலம் உருவாகும். இதற்கு மிகக் கொஞ்சம் வாயு போதும். செம்பையும் அது விடாது. நான் சேப்பாக்கத்தில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய ஒரு வீட்டில் சில வருடங்கள் இருந்தேன். ஏசியின் செம்புக் குழாய் இரண்டு முறை ஓட்டையானது. இரண்டாவது தடவை வந்த மெக்கானிக் பெட்டியைத் திறக்கும் முன்பே, "கால்வாய்ப் பக்கம் ஜன்னல் இருக்கா சார்?" என்று கேட்டார்.

சரி, அந்த வாயு எங்கிருந்து வருகிறது? சாக்கடை அழுகுவதால் என்று சொல்லி முடித்துவிடலாம். அழுகும் புரதத்திலிருந்து கொஞ்சம் வருவதும் உண்மை. ஆனால் பெரும்பங்கு அப்படி வருவதில்லை. அது ஒரு வகை பாக்டீரியா விடும் மூச்சு.

மூச்சு என்றதும் நமக்கு ஆக்சிஜன் நினைவுக்கு வருகிறது. செல்லின் கணக்கில் மூச்சு என்பது எலெக்ட்ரானை ஒப்படைக்கும் வேலை. சாப்பாட்டை உடைத்துச் சக்தி எடுக்கும்போது எலெக்ட்ரான்கள் மிஞ்சும். அவற்றை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். சமையலறையில் சிங்க் அடைத்துக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் சமையலே நின்றுபோகும் அல்லவா, அதுபோல எலெக்ட்ரானை வாங்க ஆள் இல்லையென்றால் செல்லில் அடுப்பு அணைந்துவிடும். நமக்கு அந்த வேலையை ஆக்சிஜன் செய்கிறது. எலெக்ட்ரானை வாங்கி, தண்ணீராக மாறிவிடுகிறது.

கூவத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் அதிகபட்சம் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். அதில் சாக்கடை கலந்தவுடன் நம்மைப் போல ஆக்சிஜனைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்களுக்கு விருந்து. அவை பெருகி, இருக்கும் ஆக்சிஜனை எல்லாம் தீர்த்துவிடும். அதன்பின் நைட்ரேட்டைச் சுவாசிப்பவை, இரும்பைச் சுவாசிப்பவை என்று வரிசையாக வரும். நைட்ரேட்டும் இரும்பும் தீர்ந்தபின் வருபவைதான் சல்ஃபேட்டை, அதாவது கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள். 1895ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் மார்டினஸ் பெயரிங்க் இவற்றை முதலில் இனம் கண்டார். சல்ஃபேட் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகிவிடும். இதில் கிடைக்கும் சக்தி ஆக்சிஜனில் கிடைப்பதை விட மிகவும் குறைவு. ஆனால் சென்னையில் சல்ஃபேட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. நேப்பியர் பாலத்துக்கு அருகே முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வரும்போது அதையும் கொண்டுவருகிறது. துறைமுகம் கட்டியபின் அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. அதே மணல் முகத்துவாரத்தையும் அடைப்பதால் தண்ணீர் தேங்கி நிற்கிறது. சாக்கடை, சல்ஃபேட், தேக்கம் மூன்றும் ஓரிடத்தில் இருந்தால் இந்தப் பாக்டீரியாக்களுக்கு வேறென்ன வேண்டும்?

வெளிவரும் சல்ஃபைடில் ஒரு பகுதி சேற்றில் உள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடு ஆகிறது. கூவத்துச் சேற்றின் மைக்கறுப்பு அதுதான். மிச்சம் மேலே கிளம்பி சிந்தாதிரிப்பேட்டைக் கொலுசுக்கு வருகிறது.

இதே வகைப் பாக்டீரியாக்கள் நம்மில் பலருடைய பெருங்குடலிலும் குடியிருக்கின்றன. அங்கே சல்ஃபைடு உண்டானால் குடல் சுவரின் செல்கள் அதை எரித்து எரிபொருளாகக் கூடப் பயன்படுத்திக்கொள்ளும். அளவு குறைவாக இருக்கும்வரை உடம்பு சமாளிக்கிறது.

அளவு கூடினால்? நூறு கோடியில் பத்துப் பங்கு இருந்தாலே நம் மூக்கு இந்த வாயுவைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, வாயு போய்விட்டது என்று தோன்றும். ஆயிரம் பங்கு இருந்தால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். காரணம், நம் செல்லுக்குள் எலெக்ட்ரானை ஆக்சிஜனிடம் கொடுக்கும் கடைசி நொதியின் மேல் சல்ஃபைடு போய் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், ஒப்படைக்க வழி இருக்காது. மேன்ஹோலில் இறங்கிய ஒருவர் விழுந்ததும் அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும், சில சமயம் மூன்றாமவரும் இறப்பது இதனால்தான். அடியில் கிடக்கும் கசடைக் கிளறும்போது அதில் சிறைப்பட்டிருந்த வாயு மொத்தமாகக் கிளம்பும். அது காற்றை விடக் கனமானது, குழிக்குள்ளேயே தங்கும். மனிதரை இப்படி இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. அதன்பிறகும் செய்தித்தாளில் இந்த மரணங்களை 'விஷவாயு தாக்கி' என்ற இரண்டு சொல்லில் படித்துக் கடந்துபோகிறோம். அந்த வாயு என்னவென்றும், எப்படி உண்டாகிறதென்றும், எப்படி அளப்பதென்றும் நூறு வருடத்துக்கு மேலாகத் தெரியும். கையடக்கக் கருவி ஒன்று குழியின் விளிம்பிலேயே சொல்லிவிடும். தெரிந்தே ஒருவரை இறக்குவதை விபத்து என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படித்த நாளிலிருந்து பறக்கும் ரயிலில் கால்வாயைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வருகிறது.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் லார்ஸ் பீட்டர் நீல்சனும் அவருடைய குழுவினரும் துறைமுகச் சேற்றை எடுத்து ஆய்வகத்தில் வைத்திருந்தார்கள். நம் கூவத்துச் சேறு போலவே கறுப்பு, அதே நாற்றம். மேலே ஆக்சிஜன் உள்ள தண்ணீர் நின்றது. நாளாக ஆக, சேற்றின் மேல்பகுதியில் கறுப்பு வெளுத்தது, சல்ஃபைடு காணாமல் போனது. இதில் ஒரு முடிச்சு இருந்தது. ஆக்சிஜன் அத்தகைய சேற்றுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. சல்ஃபைடோ ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே மறைந்துகொண்டிருந்தது. நடுவில் ஆக்சிஜனும் இல்லை, சல்ஃபைடும் இல்லை. இரண்டும் சந்திக்காமலே ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டிருந்தன. மேலே ஆக்சிஜனை நிறுத்தினால் கீழே உடனே தெரிந்தது. கரைந்த பொருள் எதுவும் அவ்வளவு வேகமாகச் சேற்றுக்குள் பயணம் செய்யாது. மின்சாரம்தான் செய்யும். சேற்றுக்குள் மின்சாரம் ஓடுகிறது என்று 2010ல் எழுதினார்கள். பலர் நம்பவில்லை.

கம்பி எது என்று 2012ல் தெரிந்தது. அதுவும் ஒரு பாக்டீரியாதான். சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் கூட்டத்துக்கு நெருங்கிய சொந்தம். ஆயிரக்கணக்கான செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்த ஓர் இழை, தலைமுடியை விடப் பலமடங்கு மெல்லியது, நீளம் மட்டும் சென்டிமீட்டர் கணக்கில். 'கேபிள் பாக்டீரியா' என்று பெயர் வைத்தார்கள். சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. அவித்த முட்டையை நூலால் அறுப்பதுபோல, சேற்றைக் குறுக்காக ஒரு மெல்லிய டங்ஸ்டன் கம்பியால் அறுத்தார்கள். சேறு பார்க்க அப்படியேதான் இருந்தது. மேலே ஆக்சிஜன் செலவாவது மட்டும் உடனே குறைந்துபோனது. கேபிள் அறுந்துவிட்டது!

இழையின் கீழ்முனை சல்ஃபைடுக்குள் இருக்கிறது. அங்குள்ள செல்கள் சல்ஃபைடைச் சாப்பிட்டு எலெக்ட்ரான்களை எடுக்கின்றன. ஒப்படைக்க அங்கே ஆக்சிஜன் இல்லை. அதனால் இழையின் நீளத்துக்கும் ஓடும் நார்களில் எலெக்ட்ரானை ஏற்றி அனுப்புகின்றன. அந்த நார்கள் நிக்கல் கலந்த புரதத்தால் ஆனவை என்பது பின்னால் தெரிந்தது. உயிரினம் ஒன்று தனக்குத் தானே செய்துகொண்ட கம்பி! மேல்முனையில் உள்ள சில செல்கள் எலெக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கின்றன. ஒரு முனை சாப்பிடுகிறது, மறுமுனை மூச்சுவிடுகிறது. இதில் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீராத ஒன்று உண்டு: மேலே மூச்சுவிடும் செல்கள் அங்கே இருக்கும்வரை வளர்வதில்லை. வளர்ச்சியெல்லாம் கீழே இருக்கும் செல்களுக்குத்தான். கூரைமேல் ஏறி நின்று மொத்தக் குடும்பத்துக்கும் மூச்சுவிடும் வேலை மேல்செல்களுக்கு. கேபிள் நகர்ந்து அவை கீழே சல்ஃபைடுக்குள் போனால் அவற்றுக்கும் சாப்பாடு கிடைக்கும்.

இந்த வேலையின் பக்கவிளைவாகக் கீழே அமிலம் உண்டாகி, கறுப்பு இரும்பு சல்ஃபைடு கரைகிறது. விடுபட்ட இரும்பு மேலே வந்து ஆக்சிஜன் பட்டுத் துருவாகிறது. சேற்றின் மேல் ஒரு செம்பழுப்புப் போர்வை. பின்னாளில் ஆக்சிஜன் தீர்ந்து சல்ஃபைடு மேலே கிளம்பினால் இந்தத் துரு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெதர்லாந்தின் கிரெவலிங்கன் ஏரியில் இது நடப்பதை 2015ல் வெளியிட்டார்கள்.

அப்படியென்றால் கூவத்தில் கொண்டுவந்து போட்டுவிடலாமே? நானும் இதைத்தான் முதலில் நினைத்தேன். முடியாது. மேல்முனைக்கு ஆக்சிஜன் வேண்டும். மேலே நிற்கும் தண்ணீரிலேயே ஆக்சிஜன் இல்லையென்றால் கேபிள் யாரிடம் போய் ஒப்படைக்கும்? 'நல்ல பாக்டீரியா' என்று கரைசலாகவும் உருண்டையாகவும் நீர்நிலைகளில் கொட்டும் திட்டங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருப்பதும் இதனால்தான். அங்கே பாக்டீரியாவுக்குக் குறைவில்லை, குறைவது ஆக்சிஜன். சாக்கடை விழுவது நிற்காமல் அது திரும்பாது. ஐப்பசி மழையில் வெள்ளம் ஓடி முகத்துவாரம் திறந்துகொள்ளும் சில வாரங்கள் நாற்றம் அடங்குகிறதே, அப்போது யாரும் எந்த உருண்டையும் போடுவதில்லை.

ஆனால் நெல்வயலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2020ல் ஒரு சோதனை. தொட்டிகளில் நெல் நட்டு, மண்ணில் ஒரே ஒரு முறை கேபிள் பாக்டீரியாவைச் சேர்த்தார்கள். பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவின் வெளியேற்றம் 93 சதவீதம் குறைந்தது. சல்ஃபைடு திரும்பச் சல்ஃபேட் ஆவதால், சல்ஃபேட்டைச் சுவாசிப்பவை தெம்பாகி, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் சாப்பாட்டைத் தட்டிப் பறித்துவிடுகின்றன. தொட்டியில் நடந்தது வயலில் அப்படியே நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனாலும் டெல்டாக்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய சேதி. நாற்றமடிக்கும் சேற்றை ஒரு ஜாடியில் வைத்து, ஏன் இது வெளுக்கிறது என்று வருடக்கணக்கில் பார்த்திருக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுத்ததால் வந்த சேதி இது. "இதனால் என்ன பயன்?" என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் விண்ணப்பப் படிவத்தில் அவர் என்ன எழுதியிருக்க முடியும்? நம் பல்கலைக்கழகங்களில் சேற்றைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜாடியும் நுண்உணர்கருவியும் ஐந்து வருட நிம்மதியும் கொடுங்கள் என்றுதான் நான் கேட்பேன்.

அப்புறம், அந்தக் கொலுசு. விபூதி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும்தான். ஆனால் கறுப்போடு சேர்ந்து வெள்ளியும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். அதற்குப் பதில் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் அலுமினிய ஃபாயிலை விரித்து, அதன்மேல் கொலுசு படும்படி வையுங்கள். நன்கு கொதித்த வெந்நீரை ஊற்றி இரண்டு ஸ்பூன் ஆப்பசோடா போடுங்கள். அலுமினியம் எலெக்ட்ரானைக் கொடுக்கும், கறுத்த வெள்ளி வாங்கிக்கொள்ளும், கந்தகம் விலகிப்போகும். வெள்ளி துளியும் வீணாகாது. கல் பதித்ததையும், வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய டிசைனையும் மட்டும் போடாதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கொலுசு வெளுக்கும்போது பாத்திரத்திலிருந்து லேசாகக் கூமுட்டை வாசம் வரும், கூவத்துச் சேற்றில் ஏதோ ஒரு பாக்டீரியா விட்ட மூச்சிலிருந்து வந்த கந்தகம்தான் அது.