கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்

போன வாரம் இன்னொரு பழைய பிரீமியர் பத்மினி கார் வந்தது. ஊருக்குள் பிரமாதமாக ஓடுகிறதாம். பைபாஸ் ஏறி 70-ஐத் தாண்டினால் இழுக்கவில்லையாம். பானெட்டைத் திறந்தால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் பளபளவென்று புதுசு. பழையது செய்தித்தாளில் சுற்றி டிக்கியில் கிடந்தது. ஒரு மெக்கானிக் அதன் ஜெட்டை (பெட்ரோல் அளந்து வரும் சின்னத் துளை) மாற்றியிருக்கிறார், அடுத்தவர் அந்த ஜெட்டையே பெரிதாக்கியிருக்கிறார், மூன்றாமவர் மொத்தமாக மாற்றிவிட்டார். கோளாறு இருந்ததோ டேங்கிலிருந்து பெட்ரோல் பம்புக்கு (ஏ.சி. பம்ப் என்போம்) வரும் ரப்பர் ஹோஸில்.

பழைய வண்டி வேகத்தில் திணறினால் கார்புரேட்டர்தான் காரணம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. பத்மினியின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகுகிறார்களே, அந்த ஏர் ஸ்க்ரூ ஐடிலிங்குக்கு, அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடுவதற்கு மட்டும்தான். வண்டி 80-ல் போகும்போது பெட்ரோல் வருவது மெயின் ஜெட் வழியாக. அந்த நேரத்தில் ஏர் ஸ்க்ரூவுக்கு அங்கே வேலையே இல்லை. நாள் பூராவும் திருகினாலும் ஐடிலிங்தான் கெடும், மேல் வேகம் வராது. எஸ்.யூ. கார்புரேட்டர் உள்ள பழைய அம்பாசடர் கதை வேறு; அதில் ஒரே ஜெட்தான், திருகினால் எல்லா வேகத்திலும் மாறும். அங்கே பழகிய கை இங்கேயும் திருகுகிறது என்று நினைக்கிறேன்.

சரி, அந்த ஹோஸ் விஷயத்துக்கு வருகிறேன். டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவில் பம்ப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. அந்தப் பக்கம் மயிரிழை வெடிப்பு விழுந்தால் ஓடும்போது பெட்ரோல் வெளியே வராது; காற்று உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போலத்தான். சொட்டுவதில்லை, வாடை இல்லை, அதனால் யாரும் சந்தேகப்படுவதும் இல்லை. ஊருக்குள் கேட்கும் கொஞ்சம் பெட்ரோலை எப்படியோ கொடுத்துவிடும். பைபாஸில் மிதித்துப் பிடித்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் சேம்பர் காலியாகும், பம்பால் ஈடுகொடுக்க முடியாது. ஓரம்கட்டி இரண்டு நிமிடம் நின்றால் சேம்பர் திரும்ப நிரம்பும், வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். இந்த லட்சணம் இருந்தால் ஹோஸ், ஃபில்டர், பம்பின் டயாஃப்ரம், டேங்கில் துரு, மூடியின் காற்றுத் துளை இவற்றைத்தான் பார்க்க வேண்டும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகவே ஆகாது. எத்தனாலைத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். தோட்டத்துக் குழாயை வெட்டிப் போட்டுக்கொண்டு வருபவர்களிடம் பேச எனக்குத் தெம்பு இல்லை.

மெதுவாகச் சோர்ந்துபோனால் பெட்ரோல். பட் பட்டென்று தடுக்கினால் டெல்கோ பக்கம், அதாவது பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போங்கள். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போது 8000 தடவை பொறி அடிக்க வேண்டும். டெல்கோவுக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் பாயின்ட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அந்த வேகத்தில் பாயின்ட் ஒழுங்காக மூடாது. பாயின்ட்டோடு சேர்ந்த கண்டென்சர் போயிருந்தாலும் கிட்டத்தட்ட இதே கூத்துதான். தடுக்கலே இல்லாமல் மந்தமாக மட்டும் இருந்தால் வேகம் ஏற ஏறப் பொறியை முன்கூட்டியே அடிக்க வைக்கும், டெல்கோவுக்குள் இருக்கும் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டனவா பாருங்கள். டைமிங் லைட் போட்டு எஞ்சினை ரேஸ் செய்தால் பொறி அடிக்கும் நேரத்தைக் காட்டும் குறி நகர வேண்டும். நகராத வண்டிக்கு எந்தக் கார்புரேட்டர் வாங்கிப் போட்டாலும் காசுதான் போகும்.

எஞ்சின் சத்தம் ஏறுகிறது, ஸ்பீடோ முள் ஏறவில்லை என்றால் கிளட்ச். ஓட்டிவிட்டு வந்ததும் ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதற்கெல்லாம் கருவியே வேண்டாம், காதும் கையும் போதும்.

வீட்டில் தாங்களே பார்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பம்ப் எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்க சூடான எஞ்சின் மேல் பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்காதீர்கள், தயவுசெய்து. எஞ்சின் ஆறட்டும், பொறி வராதபடி காயில் ஒயரைக் கழற்றிவிடுங்கள், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். பிளக்கின் நிறம் பார்க்க ஓடும்போதே இக்னிஷனை அணைக்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. ஸ்டியரிங் லாக் உள்ள வண்டியில் சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. பத்மினி 1089 சி.சி. வண்டி, புதிதாக இருந்தபோதே 40 சொச்சம் குதிரைத்திறன்தான். பக்கத்தில் போகும் இன்றைய காரோடு ஒப்பிட்டு "இழுக்கவில்லை" என்று கொண்டுவராதீர்கள். 80, 90-ல் அலுங்காமல் போகிறதா, அது போதும். அந்த வேகத்துக்கும் டயர் தாங்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். போன வாரம் வந்த வண்டியில் 0911 என்று இருந்தது. அதில்தான் பைபாஸில் மிதித்துப் பார்த்திருக்கிறார்கள், மூன்று பேரும்.