வலம்புரி: நத்தைக்குப் பொருந்துமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் என்ற ஊர்ப்பெயரிலேயே நத்தை இருக்கிறது. மலாய் மொழியில் 'சிப்புட்' என்றால் ஓடுள்ள நத்தை இனம். மழை விட்டதும் தோட்ட லயங்களின் ஓரத்தில் ஊர்ந்து வரும் பெரிய பழுப்பு நத்தையை 'சிப்புட் பாபி', அதாவது பன்றி நத்தை என்பார்கள். அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது.

ஒன்றுபோல் தோன்றும் நத்தைகளைப் பிரித்தறிய, முதலில் ஓடு எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பார்க்க வேண்டும். சுருள்முனை மேலே, வாய் நம்மை நோக்கி: வாய் வலப்பக்கம் அமைந்தால் 'டெக்ஸ்ட்ரல்', இடப்பக்கம் என்றால் 'சினிஸ்ட்ரல்'. வலம், இடம் என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து வந்தவை இவை. பன்றி நத்தை டெக்ஸ்ட்ரல்.

தமிழில் உடனே 'வலம்புரி', 'இடம்புரி' என்று எழுதத் தோன்றும். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். 'புரி' என்பது முறுக்கு. முப்புரி நூலில் இருப்பதும் அதுவே. முல்லைப்பாட்டு திருமாலின் கையை 'வலம்புரி பொறித்த' கை என்கிறது. ஆனால் நாம் அரிதென்று போற்றும் அந்த வலம்புரிச் சங்கு, அறிவியல் கணக்கில் சினிஸ்ட்ரல்! சுருள்முனைக்கு எதிரே உள்ள குழல்முனையை மேலே வைத்தால் அதன் வாய் வலப்பக்கம் வரும். சுருள்முனையை மேலே வைத்தால் அதே வாய் இடப்பக்கம். சாதாரண இடம்புரிச் சங்குதான் டெக்ஸ்ட்ரல். ஆகவே நேருக்கு நேர் மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

சங்குக்கு வலம்புரியே இருக்கட்டும். நத்தைக்கு 'வலவாய்', 'இடவாய்' என்று எழுதலாம் என்பது என் கருத்து. எதைப் பார்த்துச் சொல்கிறோம் என்பது சொல்லிலேயே தெரிகிறது.

பெரும்பாலான இனங்களில் ஒரு பக்கமே வழக்கம். அதனால் இடவாய் கண்டாலே பன்றி நத்தைக் குஞ்சு என்ற எண்ணத்தைக் கைவிடலாம். ஆனால் மரத்தில் வாழும் ஆம்ஃபிட்ரோமஸ் என்ற நத்தைப் பேரினம் ஏய்க்கும். 'இருபுறமும் ஓடுவது' என்பது அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். திரெங்கானுவின் காப்பாஸ் தீவில் ஆம்ஃபிட்ரோமஸ் இன்வெர்சஸ் என்ற ஒரே இனத்தில் இருவாயும் கலந்தே வாழ்கின்றன. அங்கே வாயின் பக்கத்தை வைத்து இரண்டு இனம் என்று பிரிக்கக் கூடாது. மற்ற அடையாளங்களையும் பார்க்க வேண்டும்.

நத்தையை அடையாளம் காணப் படம் எடுத்து அனுப்புவோர் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவைத் தவிர்க்கவும். சில கைப்பேசிகள் கண்ணாடிப் பிம்பத்தையே சேமிக்கும், வலவாய் இடவாயாகிவிடும்.