அயர்லாந்துக் கவிதை என்றால் எந்த மொழிக் கவிதை?

பத்திரிகைகளுக்கு வரும் மொழிபெயர்ப்புக் கவிதைகளைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. வெறுமனே 'அயர்லாந்துக் கவிதை', 'வேல்ஸ் கவிதை' என்று மேலே எழுதி அனுப்புகிறார்கள். மூலம் எந்த மொழி என்று கேட்டால், "அங்கே எல்லாரும் ஆங்கிலம்தானே?" என்கிறார்கள். அயர்லாந்துக் கவிஞர்களான யேட்ஸையும் ஹீனியையும் ஆங்கில இலக்கியப் பாடத்தில் படித்தவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் அயர்லாந்துக்கு ஐரிஷ், வேல்ஸுக்கு வெல்ஷ் என்று சொந்த மொழி உண்டு. என்னிடம் வரும் கவிதைகள் பலவும் பேசுவதே அந்த மொழிகள் கைநழுவிப் போனதைப் பற்றித்தான். 19ஆம் நூற்றாண்டில் இரு நாடுகளிலும் பல பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் கட்டை மாட்டித் தண்டித்தார்கள். அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சம் ஐரிஷ் பேசிய ஏழைகளைத்தான் அதிகம் கொண்டுபோனது. வேல்ஸில் 1911 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் வெல்ஷ் பேசினார்கள். 2021இல் 18 பேர்கூட இல்லை. அயர்லாந்தில் 2022இல் ஐரிஷ் தெரியும் என்றவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்களோ சுமார் 72,000 பேர்தான்.

இந்த நிலையில் எந்த மொழியில் எழுதுவது என்பதே கவிஞருக்கு ஒரு சிக்கல். வேல்ஸ் கவிஞர் ஆர். எஸ். தாமஸ் பெரியவரான பிறகு வெல்ஷ் கற்றார். தன் வரலாற்றை வெல்ஷில் எழுதினார். கவிதை மட்டும் ஆங்கிலத்தில்தான் வந்தது. வெல்ஷுக்காக அவர் பட்ட கோபமெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அயர்லாந்தின் மைக்கேல் ஹார்ட்னெட் நேரெதிர். 1975இல் ஆங்கிலத்துக்கு விடைகொடுக்கும் தொகுப்பை வெளியிட்டு, பத்தாண்டு ஐரிஷில் மட்டும் எழுதினார். 1985இல் ஹைக்கூக்களோடு ஆங்கிலத்துக்குத் திரும்பினார். தோற்றுப்போனார் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பத்தாண்டுக் கவிதைகள் எங்கும் போய்விடவில்லையே.

நுவலா நி கோனில் ஐரிஷில் மட்டுமே கவிதை எழுதுகிறவர். மொழியைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கவிதையில், பைபிளில் குழந்தை மோசேயைக் கூடையில் வைத்து ஆற்றில் விட்டதுபோல, தன் நம்பிக்கையை மொழி என்னும் சிறு படகில் வைத்து நீரில் விடுகிறார். யார் மடியில் போய்ச் சேருமோ, ஒருவேளை பார்வோன் மகளின் மடியிலோ, தெரியாது. இதைப் பெரும்பாலோர் படிப்பது பால் மல்டூனின் ஆங்கில மொழிபெயர்ப்பில். மல்டூன் பெரிய கவிஞர். மூலத்தை விட்டுத் தாராளமாக நகர்கிறவரும்கூட. அவருடைய பெயரைப் போடாமல் தமிழில் அச்சிட்டால், ஒரு கவிஞரின் சேட்டையை இன்னொருவர் கணக்கில் எழுதுகிறோம்.

வேல்ஸ் கவிஞர் க்வினெத் லூயிஸ் விஷயம் இன்னும் சிக்கல். மொழி கொலையாகி, துப்பறிவாளர் விசாரிப்பதாக 1999இல் வெல்ஷில் ஒரு கவிதை நூல் எழுதினார். 2003இல் வந்த அதன் ஆங்கில வடிவத்தை மொழிபெயர்ப்பு என்று சொல்ல முடியாது. பாதிக்கு மேல் வேறு நூலாகவே மாறிவிட்டது. அதைத் தமிழாக்கி 'வெல்ஷிலிருந்து' என்று போட்டால் பொய்.

அதனால் என்னிடம் வரும் பிரதியில் மூன்று விவரங்கள் கேட்கிறேன்: மூல மொழி, ஆங்கிலத்தில் தந்தவர் பெயர், எந்தப் பதிப்பு. எதிரெதிர்ப் பக்கங்களில் மூலமும் ஆங்கிலமும் வரும் இருமொழிப் பதிப்புகள் கிடைக்கின்றன. ஐரிஷ் தெரியாவிட்டாலும் வரிகளை எண்ணலாம், ஊர்ப்பெயர்களைத் தேடலாம். இடையில் ஏதாவது விடுபட்டிருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

பிடி ஜென்கின்சன் என்ற புனைபெயரில் எழுதும் ஐரிஷ் கவிஞர், அயர்லாந்தில் தன் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அள்ளிச் சேமித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அது அவர் காட்டும் சின்ன முரட்டுத்தனம். அவருடைய எதிர்ப்பு ஆங்கிலத்துக்குத்தான், தமிழுக்கு இல்லை. டப்ளினில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பள்ளியில் ஐரிஷ் படிக்கிறார்கள். அவர்களில் யாராவது நேராக அதிலிருந்து நாலு வரி தமிழில் செய்திருந்தால், திருத்தாமல்கூட அனுப்பலாம். முதலில் அதைத்தான் படிப்பேன்.